தூக்கிப்போட்ட பொருட்களில் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடைந்தது, துருப்பிடித்தது, வேண்டாமென்று ஒதுக்கியது ஆகியவற்றிலிருந்து சிற்பமோ சுவரில் மாட்டும் படைப்போ செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியின் எண் மட்டும் இருக்கும்.

1. குப்பையப் பொறுக்கி ஒட்டி வெச்சா அது கலை ஆயிடுமா?

ஒட்டியதால் மட்டும் ஆகிவிடாது. 1942-இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்தார். காளையின் தலை வந்துவிட்டது. இரண்டே துண்டு. பார்க்கிறவருக்கு அது காளையாகவும் தெரிகிறது, சீட்டாகவும் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. சீட்டின் மேல் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தால் காளை இன்னும் தெளிவாகியிருக்கும், படைப்பு செத்திருக்கும்.

வேறு வழிகளும் உண்டு. மார்செல் துஷாம் 1917-இல் சிறுநீர்க் கலம் ஒன்றை ஒரு புனைபெயரில் கையெழுத்திட்டு அப்படியே கண்காட்சிக்கு அனுப்பினார். பொருளைத் தொடாமல், அது இருக்கும் இடத்தை மட்டும் மாற்றுவது அவர் வழி. லூயிஸ் நெவல்சன் மரத்துண்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி முழுக்கக் கறுப்படித்தார். அங்கே பொருளின் பழைய அடையாளம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. உங்கள் வழி எது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், துருவை வைப்பதா எடுப்பதா, பெயிண்ட் வேண்டுமா வேண்டாமா என்ற குழப்பங்கள் பாதி தீர்ந்துவிடும்.

2. எனக்கு வரையவே வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. இங்கே வேண்டியது வரையும் கை அல்ல, உருவத்தைப் பிடிக்கும் கண். ஒரு பொருளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நிழலை மட்டும் பாருங்கள். தலைகீழாக, பக்கவாட்டில், நுனி உங்களைப் பார்க்கும்படி என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். பெயர் மறந்து வடிவம் மட்டும் தெரியத் தொடங்கினால் போதும்.

3. எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது?

எடுக்கக்கூடாததை முதலில் சொல்லிவிடலாம். குழல் விளக்கு, சி.எஃப்.எல். விளக்கு: உடைந்தால் பாதரச ஆவி வரும். பழைய டி.வி.யின் பிக்சர் டியூப்: உள்ளே வெற்றிடம், கண்ணாடியில் ஈயம், தவறித் தட்டினால் சில்லுகள் பறக்கும். மைக்ரோவேவ் அடுப்பு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம், ஆகவே திறக்கவே வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரி, காலியாகத் தெரியும் ஸ்பிரே டப்பா, ஊசி, மருத்துவக் கழிவு எதுவும் வேண்டாம். பழைய கூரை ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை அறுத்தாலோ துளைத்தாலோ வரும் தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

பழைய பெயிண்ட் தனி விஷயம். ஒரு காலத்தில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் சர்வசாதாரணம். உரிந்துகொண்டிருக்கும் பழைய கதவு, ஜன்னல் துண்டுகளை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உதிராதபடி மேலே கிளியர் வார்னிஷ் பூசி, நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சரக்கு ஏற்றும் மரப் பலகைத் தட்டுகளில் சூட்டுமுத்திரை இருக்கும். ‘எச்.டி.’ (HT) என்றால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரை நன்றாக இருந்தும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் அதுவும் வேண்டாம்.

4. ஓரமா கிடக்குறத எடுத்துட்டு வந்தா யாராவது கேப்பாங்களா?

கேட்கலாம். கட்டட வேலை நடக்கும் இடம், கடை வாசல், கழிவு சேகரிக்கும் தொட்டி இங்கெல்லாம் கிடப்பதற்கும் சொந்தக்காரர் உண்டு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் உள்ளே கிடக்கும் இன்னும் நல்ல சாமானையும் எடுத்துத் தருவார்கள், அது தனி லாபம். பாதுகாக்கப்பட்ட காடு, கடற்கரை, தொல்லியல் இடம் ஆகியவற்றிலிருந்து சிப்பி, இறகு, எலும்பு, ஓட்டுச்சில்லு எடுப்பதற்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது.

5. கொண்டுவந்ததும் எப்படி சுத்தம் பண்றது?

முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், தண்ணீர் பிறகுதான். தூசியோடு நனைத்தால் சேறாகி இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு சில சொட்டுகள், பழைய டூத் பிரஷ். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். லேபிள் பசை போகவில்லை என்றால் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவில் குழைத்து அரை மணி நேரம் பூசி வைத்துத் தேய்த்தால் வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் மிஞ்சாமல் மறுபடி சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மிஞ்சினால் அந்த இடத்தில் பெயிண்டும் நிற்காது, பசையும் நிற்காது.

மரத்தில் சிறு சிறு துளைகளும் அவற்றைச் சுற்றி மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் மூடி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். கடலில் ஒதுங்கிய மரத்தில் உப்பு ஊறியிருக்கும். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

6. துரு பாக்க நல்லா இருக்கு. அப்படியே வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் கெட்டியாக ஒட்டியிருக்கும் துருவை மட்டும். விரலால் தேய்த்தால் பொடியாக வருவது நிற்காது, அதன் மேல் போட்ட வார்னிஷும் அதோடு சேர்ந்து உரியும். கம்பி பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் எடுத்துவிட்டு, துடைத்து, முழுக்க உலர வைத்து, மெழுகோ மேட் கிளியர் லேக்கரோ பூசுங்கள். லேக்கர் போட்டதும் துருவின் நிறம் ஒரு படி கருக்கும். தெரியாத ஓரத்தில் முதலில் பூசிப் பாருங்கள். டானிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசினால் துரு நீலக்கறுப்பாகிவிடும். அந்தச் செம்மண் நிறம் வேண்டுமென்றால் அதன் பக்கமே போகாதீர்கள்.

துருவே வேண்டாமென்றால் 5 சதவீத வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து அதில் முக்கியெடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் மிச்ச அமிலம் மறுநாளே புதுத் துருவைக் கொண்டுவரும். முக்கியெடுத்ததும் ஹேர் டிரையரால் சூடாக உலர்த்தி, ஆறும் முன் எண்ணெயோ மெழுகோ தடவிவிடுங்கள்.

7. எந்தப் பசை நல்லது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பசை என்று ஒன்று கிடையாது. மரவேலைக்கான வெள்ளைப் பசை, ஈரத்தை உறிஞ்சும் பொருளுக்கானது. ஒட்டும் இரண்டு பக்கத்தில் ஒன்றாவது மரம், காகிதம், துணியாக இருக்க வேண்டும். இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே போட்டால் தண்ணீர் வெளியேற வழியின்றி வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சூப்பர் குளூ சீக்கிரம் பிடிக்கும், அதே அளவு சீக்கிரம் ஓர் அடியில் விட்டுவிடும். பக்கத்தில் வெள்ளையாகப் புகை படிந்தாற்போல் ஒரு படலத்தையும் விட்டுப்போகும். கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் அது அசிங்கமாகத் தெரியும். குளூ கன் பசை 60 முதல் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயில் படும் ஜன்னலோரத்தில் இரும்புத் தகடு அந்தச் சூட்டை எட்டிவிடும். ஆகவே தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

உலோகம், கண்ணாடி, பீங்கான், கல் என்றால் இரண்டு குழாயாக வரும் எபாக்ஸி. ஐந்து நிமிட வகையை விட, முழுப் பலம் பெற 24 மணி நேரம் எடுக்கும் வகை உறுதியானது, ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். பாக்கெட்டில் சொன்ன விகிதத்தை, பெரும்பாலும் சம அளவு, கண்ணளவில் போடாமல் அளந்தே கலக்குங்கள். ஒரு பக்கம் கூடினால் எத்தனை நாளானாலும் ரப்பர் மாதிரியே இருக்கும். ஒட்டும் இடத்தை 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் கீறி, ஸ்பிரிட்டில் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்டுங்கள். பளபளப்பான பரப்பில் எபாக்ஸி ஒட்டினாற்போல் இருந்து, ஒருநாள் அச்சு எடுத்ததுபோல் முழுசாகக் கழன்றுவரும். இறுக்கி அழுத்தவும் கூடாது, பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

சிலிக்கான் வாங்கினால் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடிப்பது செம்பு, பித்தளை, இரும்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையே உலோகத்துக்கு. எதுவானாலும் அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது.

8. பசை இல்லாம எப்படிச் சேர்க்கிறது?

முடிந்தவரை இப்படித்தான் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. பசை துணைக்கு இருக்கட்டும், பாரம் நட்டிலும் கம்பியிலும் நிற்கட்டும். நாளைக்குப் பிரித்துச் சரிசெய்யலாம், இடம் மாற்றலாம், சூட்டில் இளகாது. சிற்பி எல் அனட்சுயி ஆயிரக்கணக்கான பாட்டில் மூடி அலுமினியத் துண்டுகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்துச் சுவரளவு விரிப்புகளாக்கினார். ஒட்டியிருந்தால் அது வெறும் பலகை. கம்பியால் கோத்ததால் துணி மாதிரி மடிகிறது, தொங்கவிடும் ஒவ்வோர் இடத்திலும் வேறு உருவம் எடுக்கிறது.

கோக்க 0.8 மி.மீ. மென்செம்புக் கம்பியோ கட்டுக்கம்பியோ போதும். குறடால் முறுக்கும்போது இறுகியதும் நிறுத்துங்கள், இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் கழுத்தில் ஒடியும். தகடோடு தகடு சேர 3.2 மி.மீ. பாப் ரிவிட் என்ற இறுக்கு ஆணி: துளை 3.3 மி.மீ. இருந்தால் இறுக்கமாக நிற்கும். துளை போடும் முன் சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிரில் நுனி வழுக்கி ஓடிக் கோடு இழுக்கும். முதலில் 2 மி.மீ., பிறகு வேண்டிய அளவு. மெல்லிய தகரத்தை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கிவிட்டுத் துளைத்தால் ஓரம் கிழியாது. எவர்சில்வரில் மெதுவான வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். வேகமாகச் சுற்றித் தேய்த்தால் அந்த இடம் இறுகிப்போய் எந்த பிட்டும் இறங்காது. கண்ணாடி, பீங்கானுக்கு டைமண்ட் பிட், தண்ணீர் விட்டுக்கொண்டே. கடினப்படுத்திய கண்ணாடியைத் துளைக்கவே முடியாது, மொத்தமாக நொறுங்கும்.

பொருளில் ஏற்கெனவே இருக்கும் துளை, கொக்கி, மரையைத் தேடுங்கள். அது கிடைத்தால் புதிதாகத் துளைப்பதை விட நன்றாக இருக்கும்.

9. முதல் தடவைக்கு ஒரு சின்ன உருவம், படிப்படியா சொல்லுங்களேன்.

ஒரு கொக்கு செய்யலாம். வேண்டியவை: பழைய அலுமினியக் கரண்டி, கழற்றிய கத்தரிக்கோலில் ஒரு பாதி, உடைந்த குடையின் இரண்டு கம்பிகள், ஏறத்தாழ 20 க்கு 12 செ.மீ. அளவில் 3 செ.மீ. தடிமனுள்ள மரத்துண்டு, ஒரு 4 மி.மீ. போல்ட், நட்டு, இரண்டு வாஷர், கொஞ்சம் கட்டுக்கம்பி, எபாக்ஸி, எபாக்ஸி புட்டி.

கரண்டியைக் கவிழ்த்துப் பிடியுங்கள். குழியின் முதுகு கொக்கின் முதுகு, காம்பு கழுத்து. காம்பை ஒரு குழாயின் மேல் வைத்து மெதுவாக வளையுங்கள். ஒரே போக்கில் வளைக்க வேண்டும், முன்னும் பின்னும் ஆட்டித் திருத்தினால் அலுமினியம் அங்கேயே வெடிக்கும். காம்பின் நுனியில் மாட்டுவதற்கான துளை இருக்கும், கத்தரிக்கோலிலும் நடு ஆணி இருந்த துளை இருக்கும். இரண்டையும் ஒரே போல்ட்டில் கோத்து இறுக்குங்கள். துளை 4 மி.மீ.க்குச் சிறிதானால் போல்ட்டை மெல்லியதாக மாற்றுங்கள், கத்தரிக்கோலின் இறுகிய எஃகைத் துளைக்க மெனக்கெட வேண்டாம். அலகு கூர்மையாக இருக்கும், அரத்தால் முனையையும் விளிம்பையும் மழுக்கிவிடுங்கள். போல்ட்டின் தலைதான் கண், விரல் நுழைக்கும் வளையம் பின்கொண்டை. மணி ஒன்றைக் கண்ணாக ஒட்டத் தோன்றும், ஒட்டாதீர்கள் (கேள்வி 1-இன் சீட்டு).

குடைக்கம்பியின் மூட்டு அப்படியே கொக்கின் கால் மூட்டாகிவிடும். வேண்டிய கோணத்தில் மடக்கி, மூட்டில் ஒரு சொட்டு எபாக்ஸி விட்டு அசையாமல் நிறுத்துங்கள். கரண்டிக் குழியில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டாக நான்கு 2 மி.மீ. துளைகள் போட்டு, காலின் மேல்நுனியை உள்பக்கமாகக் கட்டுக்கம்பியால் கட்டி, மேலே எபாக்ஸி புட்டி வைத்து அமுக்குங்கள். முடிச்சு குழிக்குள் மறைந்துவிடும். அடிக்கட்டையில் கம்பியின் பருமனுக்கு மேல் அரை மி.மீ. கூடுதலாக, 15 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டுக் கால்களை எபாக்ஸியில் நிறுத்தி, ஒரு நாள் முட்டுக் கொடுத்து வையுங்கள். தலை கனம் என்பதால் கொக்கு முன்னால் சாயப் பார்க்கும். உருவத்தின் கனமையம் கட்டையின் நடுவுக்கு மேல் வரும்படி கால்களைச் சற்று பின்தள்ளி நடுங்கள்.

10. சில பிளாஸ்டிக்ல எதுவுமே ஒட்ட மாட்டேங்குதே?

அடியில் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4, 5 என்றால் பாலிஎதிலீனோ பாலிபுரொப்பிலீனோ. மூடிகள், ஷாம்பு பாட்டில்கள், வாளிகள் பெரும்பாலும் இவைதான். சாதாரணப் பசை இவற்றில் நிற்காது, கேள்வி 8-க்குப் போங்கள். 6 பாலிஸ்டைரீன். அதன் நுரை வடிவமான தெர்மோகோலில் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் கண்ணெதிரே கரைந்து குழி விழும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்தான் அதற்குச் சரி.

11. அடுக்கிப் பாக்கும்போது நல்லா இருந்துச்சு. ஒட்டினதும் குப்பை மாதிரியே தெரியுதே?

பெரும்பாலும் பொருள் அதிகம். சாவி, பல்சக்கரம், பொத்தான், ஸ்பிரிங், பொம்மைத் தலை எல்லாம் ஒரே பலகையில் சம அளவில் கத்தினால் எதுவும் காதில் விழாது. ஒன்றைப் பெரிதாக வையுங்கள், மற்றவை அதற்கு அடங்கட்டும். வெற்றிடம் விடுங்கள். நிறத்தை இரண்டு மூன்றுக்குள் நிறுத்துங்கள், அல்லது ஒரே வகைப் பொருளை நூறு எடுத்து வரிசையாக்குங்கள்.

ஒட்டும் முன் அடுக்கியதைப் போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எங்கே கூட்டம், எங்கே கண் தங்க இடமில்லை என்பது உடனே தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டும் பாருங்கள், எடுத்தது தெரியவில்லை என்றால் அது வேண்டியதில்லை. திருப்தியானதும் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண் எழுதி, மறுபடி ஒரு போட்டோ எடுத்த பிறகே பிரியுங்கள்.

12. எல்லாத்துக்கும் ஒரே கறுப்பு அடிச்சிட்டா சரியாயிடுமா?

சில நேரம் ஆகும். நெவல்சனிடம் அது வேலை செய்தது, ஏனென்றால் நிறம் போனதும் மிஞ்சிய நிழலையும் மேடுபள்ளத்தையும் நம்பி அவர் அடுக்கியிருந்தார். மோசமான அடுக்கலைப் பெயிண்ட் மறைக்காது. அடிப்பதானால் மேட், ஏனென்றால் பளபளப்பு வடிவத்தைத் தின்றுவிடும். அலுமினியத்துக்கும் நாகமுலாம் (துத்தநாகம்) பூசிய தகட்டுக்கும் அவற்றுக்கான எட்ச் பிரைமர் போடாமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரியும். நாகமுலாம் இரும்பை வெல்டிங் செய்யாதீர்கள், துத்தநாகப் புகை குளிர்காய்ச்சல் கொண்டுவரும்.

13. பழைய பேப்பர், டிக்கெட், போட்டோ வெச்சு செய்யலாமா?

செய்யலாம். கர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 முதல் டிராம் டிக்கெட், உறை, கிழிந்த காகிதம் என்று ஒட்டிப் படைத்தார். ஆனால் செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும், அதிலிருந்து வரும் அமிலம் பக்கத்துக் காகிதத்தையும் கெடுக்கும். நிறம் மாறக்கூடாதென்றால் ஸ்கேன் எடுத்து, அமிலமில்லாத காகிதத்தில் பிக்மென்ட் மையால் அச்சிட்டு ஒட்டுங்கள். ஒரே ஒரு பிரதி உள்ள குடும்பப் போட்டோவை ஒருபோதும் ஒட்டாதீர்கள். கிடைத்த போட்டோவில் இருப்பவர் யாரென்று தெரியும்படி இருந்தால், அவருடைய அனுமதி இல்லாமல் காட்சிக்கு வைப்பது முறையல்ல.

14. வெளியில வெயில் மழையில வைக்கலாமா?

எதை வைத்துச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கல், பீங்கான், தடித்த உலோகம் தாங்கும். குழிந்த பாகம் ஒவ்வொன்றின் மிகத் தாழ்ந்த இடத்திலும் 6 முதல் 8 மி.மீ. துளை வேண்டும். தேங்கும் நீர் துருவையும் கொசுவையும் வளர்க்கும், குளிரில் உறைந்தால் விரிந்து பிளக்கும். போல்ட், கம்பி எல்லாம் ஸ்டெயின்லெஸ். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், நடுவே நைலான் வாஷர் போடுங்கள். எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகிப் பொடிக்கும் என்பதால் வெளியே தெரியும் எபாக்ஸியைப் பெயிண்டால் மூடிவிடுங்கள்.

15. சுவத்துல மாட்டினா விழுந்துடுமோன்னு பயமா இருக்கு.

முதலில் எடை போடுங்கள். அந்த எடையைப் போல மூன்று, நான்கு மடங்கு தாங்கும் கொக்கியை வாங்குங்கள். பின்புறம் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரண்டு பக்கமும் டி-ரிங் (D வடிவ வளையம்) போட்டு, சுவரிலும் இரண்டு ஆணியில் தனித்தனியாக மாட்டினால் சாயாது. கம்பி கட்டி ஒரே ஆணியில் தொங்கவிடுவதானால் கம்பியை விறைப்பாக இழுக்காதீர்கள். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் கம்பி இருந்தாலே ஒவ்வொரு பக்கமும் முழு எடையளவு இழுக்கும். இன்னும் தட்டையானால் எடையை விட அதிகம். பத்து கிலோவுக்கு மேல் போனால் சரிவாக அறுத்த இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று கவ்வும் மரச்சட்டமே பாதுகாப்பு.

16. செஞ்சு கொஞ்ச வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி, உதிருது. என்ன தப்பு?

உங்கள் கைவேலை சரியாகவே இருந்திருக்கலாம், பொருள் தன் ஆயுளை முடித்துக்கொள்கிறது. மென்மையான பி.வி.சி. பொம்மையிலும் ஒயரிலும் கலந்த நெகிழ்வுப் பொருள் வெளியே கசிந்து பிசுக்காகும். அது சிதையும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். பாலியூரிதேன் நுரை பொடியாகும். ரப்பர் முதலில் ஒட்டும், பிறகு வெடிக்கும், அதிலுள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுப்பாக்கும். எந்தப் பூச்சும் இதை நிறுத்தாது.

எடுக்கும்போதே சோதியுங்கள்: வளைத்தால் வெண்கோடு விழும் பிளாஸ்டிக், கையில் ஒட்டும் ரப்பர், கிள்ளினால் உதிரும் நுரை மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தால், நட்டால் சேர்த்த படைப்பில் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். வாங்குகிறவரிடம் என்னென்ன பொருள் என்று எழுதிக் கொடுப்பதும், எது முதலில் போகும் என்று சொல்லிவிடுவதும் நியாயம்.

17. கம்பெனி பேர் இருக்குற டப்பா வெச்சு செஞ்சா விக்கலாமா?

நீங்கள் வாங்கிய டப்பா உங்கள் பொருள். அதை வைத்து ஒரே ஒரு படைப்பு செய்து விற்பதில் பொதுவாகச் சிக்கல் வருவது குறைவு. அந்த நிறுவனமே செய்தது, ஆதரித்தது என்று தோன்றும்படி பெயரை முன்னால் வைப்பதும், அந்தப் படைப்பின் படத்தைச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்பதும் வேறு கதை. அங்கே வணிகச்சின்ன உரிமையும் பதிப்புரிமையும் வரும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அச்சிடும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

18. சேத்துச் சேத்து வீடே நிறைஞ்சு போச்சு. எப்படி அடுக்குறது?

எங்கிருந்து வந்தது என்று அடுக்காமல் வடிவத்தால் அடுக்குங்கள்: வட்டம், குச்சி, குழி, தகடு, வளைவு. வேலை செய்யும்போது தேடுவது ‘ஒரு குழிந்தது’ என்பதைத்தான், ‘ரேடியோவின் பாகம்’ என்பதை அல்ல. உள்ளே இருப்பது தெரியும் டப்பாக்களில் போட்டு, மேலே வந்த மாதத்தை எழுதுங்கள். டப்பாவின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், புதிது வந்தால் பழையது ஒன்று போகட்டும். கழுவாததைக் கழுவியதோடு கலக்காதீர்கள். மரத்தை மட்டும் தனியாக வையுங்கள், காரணம் கேள்வி 5-இல் இருக்கிறது.